அசைந்தது நானில்லை

மார்ச் 4

தம்பிக்கு,

உன் பார்சல் வந்தது. பிரித்தேன். பார்த்தேன். மூடிவிட்டேன்.

குமட்டுகிற காட்சிகள் எனக்குப் புதிதில்லை. காலை முதல் மாலை வரை ஊரார் வாய்க்குள் எட்டிப் பார்ப்பவள் நான். பல்லிடுக்கில் நேற்றைய சாப்பாடு இருக்கும், முந்தாநாள் சாப்பாடு இருக்கும், சிலருக்குப் போன மாதத்துச் சாப்பாடும் பத்திரமாக இருக்கும். அதையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு நேராகப் போய்ச் சாப்பிடுவேன். உன் படத்தைப் பார்த்த அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் கேட்டது என்ன? கிளினிக் புதுக் கட்டடத்துக்கு மாறுகிறது, முன் ஹாலில் மாட்ட என்னுடைய படம் ஒன்று வேண்டும். உள்ளே வருகிறவர் அதைப் பார்த்து, 'சரி, இந்த அம்மா நம்மைக் கொன்றுவிட மாட்டாள்' என்று தைரியமாக உட்கார வேண்டும். அவ்வளவுதான். அதற்கு நீ கல்யாணச் சீர் போல மூட்டை மூட்டையாகக் கேமராச் சாமான்களைக் கொண்டுவந்து இறக்கினாய். ஜன்னலோரம் என்னை ஸ்டூலில் உட்காரவைத்தாய். "வாயைப் பாக்குற அந்தக் குட்டிக் கண்ணாடியக் கன்னத்துக்குப் பக்கத்துல தூக்கிப் பிடி அக்கா, மூச்சு விடாத, அசையாத" என்று அரை நாள் பாடாய்ப் படுத்தினாய். கடைசியில் வந்திருப்பது இது. பாதி முகம் கரிச்சட்டி. மீதிப் பாதியில் ஒரு கண் முறைக்கிறது. வலது கை இருக்க வேண்டிய இடத்தில் அழுகிய வாழைப்பழச் சீப்பு. கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ வெள்ளைக் கிறுக்கல்.

நம் நர்ஸ் பஞ்சு, அவளைக் கையில் பஞ்சு இல்லாமல் நீ பார்த்திருக்கவே மாட்டாய், தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "டாக்டர், இது ஆவிப் படமா?" என்றாள். உன் அத்தான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிக்கொண்டு பார்த்தார், "கலைப்படம் போல இருக்கு, நமக்குப் புரியாது" என்று சொல்லிவிட்டு மாடிக்கு நழுவிவிட்டார்.

கை ஆடிவிட்டது என்று நீ ஆரம்பிப்பாய். நான் அசையவில்லை. நீ சொன்னபடி சிலை மாதிரி இருந்தேன். உன் கேமராவைப் போய்ப் பார்.

போன் செய்யாதே. நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன், பிறகு உன் மனைவி கூப்பிட்டுச் சமாதானம் பேசுவாள், பாவம். எழுதித் தொலை.

அக்கா

பி.கு.: உன் கீழ்க் கடைவாய்ப்பல். இங்கே வந்து நீ சிரித்தபோது பார்த்தேன். பார்ப்பதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. வந்து பிடுங்கிக்கொள்.


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

(அன்பு இருக்கிறதா என்று தபால்காரர் சோதிக்கப் போவதில்லை, வழக்கத்தை விட வேண்டாமென்று எழுதுகிறேன்.)

முதலில் ஒன்று கேட்கிறேன். கடிதத்தை டைப் அடித்து அனுப்பியிருக்கிறாயே, நான் உன் உடன்பிறப்பா, இன்சூரன்ஸ் கம்பெனியா? கையெழுத்தைக்கூடக் காணோம். பள்ளிக்கூடத்தில் என் நோட்டுக்கெல்லாம் முத்து முத்தாக அட்டையில் பெயர் எழுதிக் கொடுத்து, அந்த உதவிக்குச் சன்மானமாக என் தலையில் குட்டிவிட்டுப் போனவள் நீ. உன் கையெழுத்தைப் பார்த்தால் எனக்கு இன்னமும் உச்சந்தலை வலிக்கும். இந்த டைப்பைப் பார்த்தால் எதுவும் வலிக்கவில்லை. பல்லைத் தவிர.

படத்துக்கு வருகிறேன். உனக்குக் குமட்டியது என்கிறாய். அக்கா, குமட்டல் என்றால் என்னவென்று நான் சொல்கிறேன், கேள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோவுக்கு ஒரு குடும்பம் வந்தது. பெரியவர், மகன், மருமகள், வாண்டுகள். எல்லோரும் ஒன்றாகக் குதிக்க வேண்டுமாம், காலுக்கும் தரைக்கும் நடுவில் காற்று தெரிய வேண்டுமாம். இந்தக் காலத்தில் யாரும் படத்துக்கு நிற்பதில்லை, குதிக்கிறார்கள். கேட்டால் 'மூவ்மென்ட் வேணும் சார்' என்கிறார்கள். தவளைக்குக்கூட மூவ்மென்ட் இருக்கிறது, அது ஸ்டூடியோவுக்கா வருகிறது? சரி, குதியுங்கள் என்றேன். ஷட்டரை நல்ல வேகத்தில் வைத்தேன், ஃபிளாஷ் பளிச்சென்று அடித்தது. அந்த நேரம் பார்த்துப் பெரியவரின் பல்செட் வாயைவிட்டுக் கிளம்பிவிட்டது. படத்தில் மனிதர் தனியாக மிதக்கிறார், பல்செட் தனியாக மிதக்கிறது. இரண்டுக்கும் நடுவில் எச்சில் நூல், அறுபடாமல், முத்துமாலை மாதிரி மின்னுகிறது. என் வாழ்நாளில் இவ்வளவு தெளிவான படம் நான் எடுத்ததில்லை. மருமகள் ஸ்க்ரீனில் பார்த்துவிட்டு முகம் சுளிக்கவே இல்லை. "பல்லை மட்டும் மாமா வாய்க்குள்ள போட்டுருங்க சார். டச்சப்ல வந்துரும்ல?" என்றாள்.

வரும். எல்லாம் வரும். அதுதான் எனக்குக் குமட்டல். பரு வேண்டாம், மரு வேண்டாம், கண்ணுக்குக் கீழே பை வேண்டாம், கழுத்து ஒன்று போதும். தோலில் ஒரு துளைகூடத் தெரியக் கூடாது என்கிறார்கள். துளை இல்லாத முகம் முட்டைக்குத்தான் உண்டு. நாள் பூராவும் மனிதர்களை முட்டையாக்கிவிட்டு வீட்டுக்குப் போனால், வீட்டுக்காரி முட்டைப் பொரியல் வைத்துக்கொண்டு நிற்கிறாள். தட்டைத் தள்ளிவிட்டேன். ஏன் என்று சொன்னால் அடிப்பாள்.

ஆகவே உடன்பிறந்தவளையாவது மனுஷியாக எடுப்போம் என்று நினைத்தேன். ஒரு ஜன்னல் போதும். வெளிச்சம் ஒரு பக்கமாக வந்து முகத்தைத் தொட வேண்டும், மறுபக்கம் இருட்டிலேயே இருக்கட்டும். நிழல் விழுந்தால்தான் மூக்கு மூக்காக எழுந்து நிற்கும், இல்லாவிட்டால் தட்டில் வரைந்த மூக்கு. ஷட்டரைக் கண்ணிமைப்பது போல மூடாமல், ஒரு பெருமூச்சு விடுகிற நேரம் திறந்து வைத்தேன். அந்த நேரத்துக்குள் எது அசையாமல் இருக்கிறதோ அது கல்லில் வெட்டியது போல நிற்கும், எது அசைகிறதோ அது கரையும். உன் முகம் நின்றது. கை கரைந்தது. நீ பிடித்திருந்த கண்ணாடி ஜன்னல் வெளிச்சத்தை வாங்கி இருட்டின் மேல் ஒரு கோடு கிழித்தது. பல நாள் முயற்சி செய்தாலும் கிடைக்காத கோடு அது. சொந்த அக்காவிடமிருந்து எனக்கு வந்த முதல் லாபம்.

ஆகவே ஒப்புக்கொள். நீ அசைந்தாய். அசைந்தது நல்லதுக்கு.

தம்பி

பி.கு.: பல் இப்போது பரவாயில்லை. கிராம்பு வைத்திருக்கிறேன். வீட்டுக்காரி மட்டும் சுவரைப் பார்த்துப் படுக்கிறாள்.


மார்ச் 14

தம்பிக்கு,

முதல் சங்கதி. அந்தப் பல்செட் யார் செய்து கொடுத்தது? நிச்சயம் நான் இல்லை. நான் செய்த செட்டைப் போட்டுக்கொண்டு மனிதர் மாடியிலிருந்து குதித்தாலும் பல் வாயில்தான் இருக்கும்.

இரண்டாவது. டைப் அடிப்பது என் வசதி. மருந்துச் சீட்டும் டைப்தான், ரசீதும் டைப்தான். அதில் உனக்கு என்ன வந்தது?

மூன்றாவது, உன் நிழல் புராணம். நீ சொல்கிற ஒரு ஜன்னல், ஒரு பக்க வெளிச்சம் எல்லாம் என் அறைக்குள் வந்தால் என்ன ஆகும் தெரியுமா? என் நாற்காலிக்கு மேலே இருக்கிற விளக்கு வாய்க்குள் நிழலே விழாதபடி செய்யப்பட்டது. நிழல் விழுந்தால் உனக்குப் பரிசு வரும், எனக்கு ரத்தம் வரும். நீ ஆளின் மூடியைப் படம் பிடிக்கிறாய். மூடியைத் திறந்தால் சாக்கடை. அதன் ஓரத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவள் நான். வெற்றிலைக் கறையிலிருந்து சிகரெட் கறை வரை என்னிடம் எல்லா நிறமும் உண்டு. என்னிடம் வந்து மனுஷியாக எடுத்தேன், தோல் துளையைக் காட்டினேன் என்று பெருமை பேசாதே. முழு மனிதரைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. சுவரிலாவது ஒருத்தி சுத்தமாக இருக்கட்டும்.

அசைந்தாய் அசைந்தாய் என்கிறாயே, அதற்கும் சொல்கிறேன். இந்த வாரம் ஒரு வாத்தியார் வந்தார். ஈறு ஓரமாகச் சுரண்டிக்கொண்டிருந்தேன். நடுவில் ஆடிவிட்டார். உள்உதட்டில் கீறல். "அசையாதீங்கன்னு எத்தனை தடவ சார் சொல்றது? பசங்களை மட்டும் பெஞ்சில் ஏத்தி நிக்க வைக்கத் தெரியுதுல்ல?" என்று சத்தம் போட்டேன். "நான் அசையலையே டாக்டர்" என்கிறார், ரத்தத்தைத் துப்பிக்கொண்டே. அசைந்தவன் எவனும் அசைந்தேன் என்று ஒப்புக்கொண்டதாக என் சர்வீஸிலேயே இல்லை. அதனால் அந்தப் பேச்சை என்னிடம் பேசாதே. எனக்குத் தெரியாத பேச்சு இல்லை அது.

என் கை எப்படிப்பட்ட கை என்று ஊருக்குத் தெரியும். உன் கேமரா ஸ்டாண்டுக்கு ஒரு கால் லொடலொட என்று இருந்தது, நானே பார்த்தேன். கருப்பு டேப் சுற்றி வைத்திருந்தாய். பொண்டாட்டி மாதிரி அதையும் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லை.

கடைசியாக, போகும்போது நான் வற்புறுத்தி ஃபிளாஷ் போட்டு ஒன்று எடுக்கவைத்தேனே, 'பாஸ்போர்ட் மூஞ்சி' என்று சொல்லிக்கொண்டே எடுத்தாய், அதை அனுப்பு. போதும்.

அக்கா


மார்ச் 20

அக்கா,

என்னைச் சொல், பொறுத்துக்கொள்கிறேன். என் பல்லைச் சொல், அதற்கும் வாயை மூடிக்கொள்கிறேன் (மூடியிருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது). என் ஸ்டாண்டைச் சொன்னாயே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கருப்பு டேப் அழகுக்குச் சுற்றியது. சரி, முழு அழகுக்கு இல்லை. ஆனாலும் அது ஆடாது.

சந்தேகத்துக்கு நானே வழக்கு நடத்திவிட்டேன். அதே ஸ்டாண்டு, அதே லென்ஸ், ஷட்டரும் அதே பெருமூச்சு நேரம். ஸ்டூலில் மச்சானை உட்காரவைத்தேன். வீட்டுக்காரியின் தம்பிதான், இங்கே வந்து தங்கி வேலை தேடுவதாகச் சொல்லிக்கொள்கிறானே, அவனே. சும்மா இருப்பதில் அவனை அடித்துக்கொள்ள இந்த ஊரில் ஆளில்லை. கையில் உன்னைப் போலவே ஒரு குட்டிக் கண்ணாடியைக் கொடுத்தேன். எடுத்தேன். அக்கா, அவன் விரல் நகத்து அழுக்குவரை தெரிகிறது! கண்ணாடி வட்டமாக நிற்கிறது. வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "என் தம்பிய முதல் தடவையா நல்லபடியா எடுத்திருக்கீங்க" என்றாள். அது அவளுடைய கஷ்டம்.

பிறகு உன் படத்துக்கு வந்தேன். ஸ்டாண்டு ஆடியிருந்தால் எல்லாமே ஆடியிருக்க வேண்டுமா இல்லையா? பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். உன் இமை முடி ஒவ்வொன்றாக நிற்கிறது. பின்னால் அலமாரிப் பூட்டு நிற்கிறது, அதன் சாவித் துவாரத்தைக்கூடப் பார்க்கலாம். முழங்கைப் பக்கம் சட்டைத் தையல் தெளிவாக இருக்கிறது. மணிக்கட்டைத் தாண்டியதும்தான் ஆரம்பிக்கிறது அசைவு. விரல்களும் கண்ணாடியும் மட்டும்.

இன்னொன்றும் பார்த்தேன். கண்ணாடி கிழித்த அந்த வெள்ளைக் கோடு கிறுக்கல் இல்லை. பெரிதாக்கிப் பார்த்தால் மேலும் கீழுமாக, மேலும் கீழுமாக, ஒரே அளவில் போய்க்கொண்டிருக்கிறது. தையல் மெஷின் ஓட்டியது போல. வேண்டுமென்றே ஆட்டினாலும் இவ்வளவு ஒழுங்காக ஆட்ட முடியாது. நானே ஆட்டிப் பார்த்தேன், கோணல் மாணலாகத்தான் வந்தது. எப்படிச் செய்தாய்? பொறுமையில்லாமல் காலை ஆட்டுவது போலக் கையை ஆட்டியிருக்கிறாய், உனக்கே தெரியாமல்.

அந்த இடத்தை மட்டும் வெட்டி, பெரிய பிரிண்டாகப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். பூட்டையும் பார், தையலையும் பார், கோட்டையும் பார். 'அசைந்தவன் எவனும் ஒப்புக்கொண்டதில்லை.' இது யார் எழுதியது? இன்சூரன்ஸ் கம்பெனி எழுதியது.

தீர்ப்பை நீயே டைப் அடித்து அனுப்பு.

வென்ற தம்பி


ஏப்ரல் 2

அக்கா,

பதிலைக் காணோம். தோற்றவர்கள் கைகுலுக்கிவிட்டுப் போவதுதானே மரியாதை.

கோபமா? போன் செய்யாதே என்றாய், செய்துவிட்டேன். பஞ்சு எடுத்தாள். "டாக்டர் பிஸி" என்றாள். நேற்றும் செய்தேன். "டாக்டர் வரலை" என்றாள். "ஒரே ஆளு எப்படிம்மா பிஸியாவும் இருந்து வராமலும் இருக்க முடியும்?" என்றேன். வைத்துவிட்டாள். உன்னிடமிருந்து நல்ல பழக்கமெல்லாம் கற்றிருக்கிறாள். அத்தானைக் கூப்பிட்டால் வானிலை அறிக்கை வாசிக்கிறார்.

சரி, நான் இறங்கி வருகிறேன். இத்துடன் இன்னொரு பிரிண்ட் வைத்திருக்கிறேன். நீ ஆசைப்பட்ட மாதிரிதான். முதல் படத்தின் கரிச்சட்டிப் பக்கத்தை வெளுத்துவிட்டேன். ஃபிளாஷ் போட்ட படத்திலிருந்து உன் கையை வெட்டி எடுத்து இதில் ஒட்டியிருக்கிறேன். ஃபிளாஷ் மின்னல் வெட்டுகிற நேரம்தான், அதற்குள் எந்தக் கையும் நின்றுவிடும். அஞ்சு விரலும் இருக்கிறது, எண்ணிக்கொள். கண்ணாடி வட்டமாக இருக்கிறது. போகிற போக்கில் கண்ணுக்குக் கீழே இருந்த பையையும் எடுத்துவிட்டேன், கழுத்தையும் ஒன்றாக்கினேன். சொந்த அக்காவை முட்டையாக்கிவிட்டேன். செய்து முடித்ததும் வாய் கொப்பளித்துவிட்டு வந்துதான் மறு வேலை பார்த்தேன். உனக்காகத்தான்.

மாட்டிக்கொள். ஒரு வரி எழுது.

தம்பி

பி.கு.: கன்னம் வீங்கிவிட்டது. வெளிச்சம் எந்தப் பக்கம் வைத்தாலும் எனக்கு இப்போது ஒரே மூஞ்சிதான்.


ஏப்ரல் 9

தம்பிக்கு,

உன் மேல் கோபமில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன், நீ பதறிக்கொண்டு பஸ் ஏறிவிடக் கூடாது.

பெரிதாக்கின அந்தப் பிரிண்ட் வந்த அன்று நோயாளிகள் இருந்தார்கள். மேஜையில் வைத்துவிட்டு வேலை பார்த்தேன். சாப்பாட்டு நேரத்தில் பஞ்சு வெளியே போனதும் கதவைச் சாத்தினேன். நாற்காலி விளக்கைப் போட்டேன். வாய்க் கண்ணாடியை எடுத்து, நீ பிடிக்கச் சொன்னது போல எதிலும் ஊன்றாமல் பிடித்தேன். கண்ணாடியில் பட்ட வெளிச்சம் எதிர்ச் சுவரில் ஒரு பொட்டாக விழுந்தது. அந்தப் பொட்டு ஆடிக்கொண்டிருந்தது. மேலும் கீழும், மேலும் கீழும், தையல் மெஷின் மாதிரி. மூச்சைப் பிடித்தேன். ஆடியது. இன்னொரு கையால் பிடித்தேன். இரண்டும் சேர்ந்து ஆடின.

எனக்குத் தெரியாதா என்று நீ கேட்பாய். தெரியும், தெரியாது. காபி அதிகம் என்று சொல்லிக்கொண்டேன், காபியை நிறுத்தினேன். தூக்கம் இல்லை என்று சொல்லிக்கொண்டேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்க ஆரம்பித்தேன். அத்தான், "என்ன, குளிருதா?" என்றார், ஆமாம் என்றேன். கையெழுத்து கோணிக்கொண்டு போனது, டைப்புக்கு மாறினேன். வாய்க்குள் வேலை செய்யும்போது மட்டும் தெரியாது. நாங்கள் மோதிர விரலைப் பக்கத்துப் பல்லில் ஊன்றிக்கொண்டுதான் எதையும் செய்வோம். ஊன்றினால் நிற்கும். ஊன்றப் பல் இருக்கிறவரை நான் நல்ல டாக்டர். அந்த வாத்தியாருக்குக் கீறின இடத்துக்குப் பக்கத்தில் பல் கிடையாது.

அவர் அசையவில்லை, தம்பி. ரத்தம் துப்பினவரைப் பார்த்துப் பெஞ்சில் ஏறி நில் என்று சத்தம் போட்டிருக்கிறேன். சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்திருப்பவள் என்று உனக்கு எழுதினேனே, த்தூ. உள்ளே இருந்தது நான்தான்.

நீ வெளுத்து அனுப்பிய படமும் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அதை மாட்டப் போனேன். ஆணிகூட அடித்தாயிற்று. ரொம்ப அழகான கை. அந்தக் கையைப் பார்த்துவிட்டு வருகிறவர் என்னிடம் வாயைத் திறப்பார், நான் டிரில்லை எடுப்பேன். அதை நினைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினேன். பாத்ரூமுக்குப் போய்விட்டு வந்தேன். பஞ்சு வாசலில் நின்றாள். "எனக்குத் தெரியும் டாக்டர்" என்றாள். எவ்வளவு நாளாக என்று நான் கேட்கவில்லை. பஞ்சைக் கொடுத்தாள், வாயைத் துடைத்துக்கொண்டேன்.

நரம்பு டாக்டரிடம் போனேன். உன் பெரிய பிரிண்டைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "இதை யாரும்மா எடுத்தது?" என்றார். "ஒரு உதவாக்கரை" என்றேன். உயிருக்கு ஒன்றும் ஆகாதாம். மாத்திரை இருக்கிறது, கொஞ்சம் குறையலாம், அடியோடு போகாது. என் உயிருக்கு ஆகாது, பிறர் பல்லுக்கு ஆகும். வாத்தியார் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். "உக்காருங்க டாக்டர்" என்று நாற்காலி போட்டார், அதுதான் தாங்க முடியவில்லை.

புதுக் கட்டடம் தயாராகிவிட்டது. போர்டில் என் பெயர் எழுதியாயிற்று. உள்ளே போய் என்ன செய்வது என்று தெரியவில்லை.

அக்கா


ஏப்ரல் 13

அக்கா,

கடிதம் படித்தேன். பஸ் ஏறவில்லை, நீ சொன்னதற்காக இல்லை, கால் வரவில்லை.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன் என்று எழுதினேன். பூட்டுத் துவாரம் தெரிந்தது எனக்கு. 'வென்ற தம்பி' என்று கையெழுத்துப் போட்டேன். அதை நினைத்தால் என் வாய் நாற்றமே எனக்குத் தேவலை என்று தோன்றுகிறது. அந்தக் கோட்டைக் கிடைக்காத கோடு என்றேன், லாபம் என்றேன். அதைப் பெரிதாக்கி, உறையில் போட்டு, ஸ்டாம்ப் ஒட்டி, விசிலடித்துக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்தேன். வேறு எவனாவது இதைச் செய்திருந்தால் அவன் முகத்தில் காறித் துப்பியிருப்பேன். கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். கன்னம் வீங்கியிருந்ததால் ஏற்கெனவே துப்பினது போலத்தான் இருந்தது.

வீட்டுக்காரி கடிதத்தை வாங்கிப் படித்தாள். "அண்ணிக்குக் கை ஆடுது, உங்களுக்கு வாய் ஆடுது. எது ஆபத்துன்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. அதனால் வேறு ஒன்று செய்கிறேன். இந்தப் பல்லோடு நான் இத்தனை நாள் குடித்தனம் நடத்தியது பயத்தால். வேறு டாக்டரிடம் போகச் சொல்லி வீட்டில் தினமும் சண்டை. போக மாட்டேன். நீதான் பிடுங்க வேண்டும். கை ஆடினால் ஆடட்டும். இன்னும் இரண்டு பல் கூட வந்தால் வரட்டும், இந்த வாய்க்கு அவ்வளவு பல் அதிகம்தான். வியாழக்கிழமை வருகிறேன்.

கழுவி வெளுத்த படத்தைக் கிழித்துப் போடு. மற்றதையும் கிழித்துவிடு. இங்கே இருப்பதை நான் அழித்துவிடுகிறேன்.

தம்பி


ஏப்ரல் 28

தம்பிக்கு,

இதைக் கையால் எழுதுகிறேன். கோழி கிளறினது போல இருக்கிறது என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள். உச்சந்தலை வலிக்கிறதா?

ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய், வீக்கம் வடிந்திருக்கும். உன் பல்லைப் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன். என் சர்வீஸில் பார்த்த பற்களில் அருவருப்பான பல் எது என்று ஒரு போட்டி வைத்தால் அதற்கு எதிரிகளே கிடையாது. பஞ்சு அதைப் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டை மூடி வைத்தாள். இதுவரை அவள் மூடினதே இல்லை.

நீ நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "அக்கா தொட்டாத்தான் வாயைத் திறப்பேன்" என்று பிடிவாதம் பிடித்தபோது எனக்கு ஓங்கி ஒரு குட்டு வைக்கத் தோன்றியது. அன்பு என்று நினைத்துக்கொண்டு ஒருத்தன் வாயைத் திறந்து கொடுத்தால் அதற்காக நான் டிரில்லை எடுத்துவிட முடியுமா? நீ படத்தில் என் கையை ஒட்டியது எவ்வளவு பொய்யோ, அதே அளவு பொய் அதுவும். நான் புதிதாகச் சேர்த்திருக்கிற சின்ன டாக்டர் நல்ல பெண். எங்கே ஊசி, எந்தப் பக்கம் வேர் வளைந்திருக்கிறது, எப்போது நிறுத்த வேண்டும் என்று நான் பக்கத்தில் நின்று சொன்னேன். அவள் செய்தாள். மற்றவர்களுக்கும் இனி அப்படித்தான். பார்ப்பது நான், சொல்வது நான், தொடுவது அவள். போர்டில் என் பெயருக்குக் கீழே அவள் பெயரையும் எழுதச் சொல்லிவிட்டேன்.

எதையும் நான் கிழிக்கவில்லை. நீயும் அழிக்காதே. முன் ஹாலில் முதலில் எடுத்த அந்தப் படத்தைத்தான் மாட்டியிருக்கிறேன், கரிச்சட்டியும் கிறுக்கலும் அப்படியே. அத்தான் இப்போதும் புரியவில்லை என்கிறார், ஆனால் வருகிறவரையெல்லாம் நிறுத்திக் காட்டுகிறார். நேற்று ஒரு அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஏன் டாக்டர் இதுல கை இப்படி இருக்கு?" என்றாள். "கை அப்படித்தான் இருக்கு. அதான் நான் இப்ப கை வைக்கிறதில்ல" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு உட்கார்ந்து வாயைத் திறந்தாள். உள்ளே, அப்பப்பா. அதை உனக்கு எழுதினால் நீயும் முட்டைப் பொரியலைத் தள்ளிவிடுவாய்.

ஒரு சங்கதியை மட்டும் எழுத்தில் வைத்துவிடுகிறேன், நாளைக்கு நீ ஊரெல்லாம் போய் வேறு மாதிரி கதை சொல்வாய். பல்லைப் பிடுங்கும்போது உன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். உதறல் எடுத்தது. சின்ன டாக்டர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நானும் பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டேன். கை எடுத்த பிறகும் தலை ஆடிக்கொண்டிருந்தது, நாற்காலியோடு, மேலும் கீழும், தையல் மெஷின் மாதிரி. பஞ்சு சாட்சி.

இந்த முறை அசைந்தது நானில்லை.

அக்கா